ஐயாயிரத்து அறுநூறு ரூபாய் பிரேக்

நைனா,

உன் கல்யாணப் பத்திரிகை ஒன்றின் பின்பக்கத்தில் நாலு வரி எழுதி, நீ தங்கியிருக்கும் வீட்டுக் கதவிடுக்கில் செருகிவிட்டு வரலாம் என்றுதான் முதலில் உட்கார்ந்தேன். நாலு வரியில் அடங்கவில்லை. பத்திரிகையைப் பழையபடி கவரில் போட்டுவிட்டு, அங்கன்வாடியில் மிச்சமாகிப்போன நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டேன். அடுத்தவர் பிள்ளைகளின் எடையையும் உயரத்தையும் இருபத்தாறு வருடம் எழுதிய கை, சொந்தப் பிள்ளைக்கு எழுத இப்போதுதான் உட்கார்ந்திருக்கிறது. நீ நாலு நாளாக வீட்டுக்கு வரவில்லை. தண்டையார்பேட்டையில் சிநேகிதன் வீட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். போன் செய்தால், "கல்யாண வேலையில கீறேம்மா, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். கோபம் தணிந்த பிறகு எழுதலாம் என்று இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். தணியவில்லை. தணியாமலே எழுதுகிறேன், படி.

இதையே இன்னொரு தடவை எழுதி சரண்யாவிடமும் கொடுக்கப்போகிறேன். இன்னும் மூன்று வாரத்தில் உன்னைக் கட்டிக்கொள்ளப்போகிறவள் அவள், தெரிந்து கட்டிக்கொள்ளட்டும். அவளுக்கும் புரிய வேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்த விஷயத்தையும் சேர்த்தே சொல்கிறேன். நடுவில் நிறுத்திவிடாதே. உனக்குத் தெரியாத விஷயம் ஒன்றும் இதில் இருக்கிறது, அதை இருபது வருடத்துக்கு மேலாக நான்தான் மறைத்து வைத்திருந்தேன்.

உன் அப்பா போன பிறகு, என் கையெழுத்தில் கடன் வாங்கி, என் பெயரில் எடுத்த வண்டி இந்த பிக்கப். காசிமேட்டில் ஐஸும் மீனும் ஏற்றிக்கொண்டு மீஞ்சூருக்குப் போகும், காலி பெட்டியோடு திரும்பும். உனக்கும் லைசென்ஸ் உண்டு, ஆனால் கணக்கு, பேச்சு, வியாபாரிகள் மட்டும்தான் நீ பார்த்துக்கொண்டாய். மூன்று வருடமாக ஓட்டியது வண்ணாரப்பேட்டை சலீம் பாய். ஐஸ் உருகி உப்புத் தண்ணீர் ராவும் பகலும் சொட்டுகிற வண்டிக்கு அடிப்பக்கம் சீக்கிரம் துருப்பிடிக்கும், பிரேக் சீக்கிரம் தேயும். இது எனக்கே தெரியும்போது உனக்குத் தெரியாமல் இருக்காது. ஒவ்வொரு நாளும் வண்டியை நிறுத்தியதும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுத்தான் சலீம் பாய் வீட்டுக்குப் போவார். அதற்கு அவருக்கு யாரும் தனியாக எதுவும் கொடுத்ததில்லை.

அவர் உன்னிடம் மூன்று முறை சொன்னார். முதல் இரண்டு முறை சொன்னதை அவர் வாயால் பிறகுதான் கேட்டேன். மூன்றாவது முறை நானே காதால் கேட்டேன். நீ தோசை சாப்பிட்டுக்கொண்டே போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாய். பக்கத்தில் பத்திரிகை மாதிரிகள் விரித்துக் கிடந்தன.

"தம்பி, பெடல மிதிச்சா பஞ்சாட்டம் உள்ள போவுது. ரெண்டு தபா மிதிச்சாதான் புடிக்குது. மெக்கானிக் டில்லிகிட்ட காட்டுனேன். முன்னாடி பிரேக் பேடு, பின்னாடி பிரேக் ஷூ, ரெண்டும் தேஞ்சிப்போச்சாம். கூலியோட ஐயாயிரத்து அறுநூறு ஆவுமாம். ஒரே ஒரு நாள் வண்டிய நிறுத்திட்டா மாத்திடலாம்."

"பாய், கம்பெனி சர்வீஸ் சென்டர்ல பத்தொம்பதாயிரம் சொல்றான், டில்லி ஐயாயிரம் சொல்றான். எவன் சொல்றத நம்பறது? எல்லாம் துட்டு புடுங்கற வேல. கொஞ்ச நாளைக்கு கியர்ல புடிச்சி ஓட்டுங்க. கல்யாணம் முடியட்டும்."

"லோடு கீது தம்பி."

"முடியட்டும் பாய்."

போனை வைத்துவிட்டு, தங்க எழுத்து போட்ட பத்திரிகையை எடுத்து, "இது எப்டிமா கீது?" என்று என்னிடம் காட்டினாய். நன்றாக இருக்கிறது என்றேன். இன்னொரு தோசை போட்டேன். வேறொன்றும் சொல்லவில்லை. உன்னைத் திட்டுவதற்கு முன்னால் என்னைத் திட்டிக்கொள்ள வேண்டிய இடம் இது, அதனால் எழுதி வைக்கிறேன். 'முடியட்டும்' என்கிற அந்த வார்த்தை எனக்குப் பழகிய வார்த்தை. எப்படி என்று பிறகு சொல்கிறேன். அதைக் கேட்டும் நான் வாயைத் திறக்கவில்லை. அதே வாரம்தான் மண்டபத்துக்கு மேலே பறந்து படம் எடுக்கிற டிரோன் கேமராவுக்கு பதினெட்டாயிரம் பேசி முடித்துவிட்டு வந்தாய். அதற்கு மட்டும் எவன் சொல்வதை நம்புவது என்று நீ கேட்கவில்லை.

அதற்கப்புறம் ஒன்பதாம் நாள், காலை எட்டு மணி. முழு லோடோடு எர்ணாவூர் மேம்பாலத்திலிருந்து சலீம் பாய் இறங்குகிறார். முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ, அதில் யூனிபார்ம் போட்ட பிள்ளைகள் ஆறு பேர். பின்னால் கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர். பெடலை மிதித்திருக்கிறார். தரையோடு தரையாகப் போய் உட்கார்ந்துவிட்டது. மறுபடி மிதித்திருக்கிறார், அப்படியேதான். ஹாரனை அழுத்திக்கொண்டே கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்து, எதிலும் நிற்காமல் ஆட்டோவை நெருங்கிவிட்டபோது ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்திருக்கிறார். குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்த மண்மேட்டில் ஏறி, ஒரு காம்பவுண்டு சுவரில் மோதி வண்டி நின்றது. அவருக்குக் காரை எலும்பு உடைந்தது, புருவத்துக்கு மேல் மூன்று தையல். மீனெல்லாம் ரோட்டில். முன்னால் போன ஆட்டோக்காரர்தான் வண்டியை நிறுத்தி, பிள்ளைகளை ஓரமாக நிற்க வைத்துவிட்டு, இவரைத் தூக்கி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார். அந்த ஆறு பிள்ளைகளில் ஒன்று என் அங்கன்வாடியில் படித்துப் போன பிள்ளையாகக்கூட இருக்கும். நான் விசாரிக்கவில்லை. விசாரிக்கப் பயமாக இருந்தது.

நீ என்ன செய்தாய்? ஆஸ்பத்திரிக்குப் போனாய், சரி. போய்விட்டு வந்து வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு, லோடு வண்டிக்காரர்கள் எல்லோரும் இருக்கிற போன் குரூப்பில் எழுதினாய்: "சலீம் பாய் போன் பேசிக்கினே ஓட்டி வண்டிய செவுத்துல வுட்டுட்டாரு. யாரும் வேலைக்கு எடுக்காதீங்க." அவர் உள்ளே கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருக்கும்போது இதை எழுதினாய். மீன் வியாபாரி கேட்பாரே என்று பயம். அதைவிட, மாமனார் வீட்டில் கேட்டால் என்ன சொல்வது என்று பயம். சொந்த வண்டி வைத்துப் பொறுப்பாகத் தொழில் செய்கிற மாப்பிள்ளை என்றுதானே அவர்கள் பெண் கொடுக்கிறார்கள். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை, மணலி வரை, லோடு வண்டி ஓட்டுகிற ஒவ்வொருவன் போனுக்கும் அது போய்ச் சேர்ந்தது. இருபத்தெட்டு வருடம் ஸ்டியரிங் பிடித்த மனுஷனின் பெயரை இரண்டு வரியில் துடைத்துப் போட்டாய்.

நான் கேட்டேன் இல்லையா, அன்று சாயங்காலம்? "பிரேக் போச்சுன்னு அவரு போன்ல சொன்னாரே, ஏன்டா பொய் எழுதின?" என்று கேட்டேன். நீ சொன்ன பதில் இன்னும் என் காதிலேயே இருக்கிறது.

"இன்னாமா இப்ப? யாராவது செத்தாங்களா? டிரைவருங்க எல்லாம் அப்டித்தான், ஒண்ணு ஆனா வண்டி மேல பழி போடுவானுங்க. ஏன், எங்கப்பன் இன்னா யோக்கியமா? குடிச்சிட்டு ஓட்டி ஒருத்தன் கால வாங்கினவன்தான?"

சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டாய். அதோடு வீட்டுக்கு வரவில்லை.

மறுநாள் நான் தண்டையார்பேட்டைக்கு பஸ் ஏறி டில்லி கடைக்குப் போனேன். வண்டியை அங்கேதான் இழுத்துக்கொண்டு வந்து விட்டிருந்தார்கள். எல்லா மெக்கானிக்கும் துட்டு பிடுங்குகிறவன் என்று சொன்னாயே, என் கண்ணால் பார்த்துவிடலாம் என்று போனேன். சக்கரத்தைக் கழற்றி, உள்ளே இருந்ததைக் கையில் எடுத்துக் காட்டினான். பிறை மாதிரி வளைந்த இரும்பு, அதுதான் ஷூ. சக்கரத்தோடு சுற்றுகிற டிரம்மை உள்ளிருந்து அழுத்தி நிறுத்துவது அதுதானாம்.

"பாருக்கா, இதுமேல வெரல் தடிமனுக்கு லைனிங் இருக்கணும். ஒண்ணுமே இல்ல, ஆணித்தலை தெரியுது பாரு. இரும்பும் இரும்பும் தேச்சிக்கினு ஓடியிருக்கு. சலீம் பாயா இருந்தாரு, மண்ணுல ஏத்தினாரு. வேற எவனாவது இருந்தா அந்த ஆட்டோ இன்னிக்கு இல்ல."

எவ்வளவு ஆகும் என்று கேட்டேன்.

"அன்னிக்கே வுட்டிருந்தா ஐயாயிரத்து அறுநூறோட போயிருக்கும். இப்ப ஷூ தேச்சி டிரம்மு ரெண்டும் போச்சு. முன்னாடி டிஸ்க்கு ரெண்டும் கோடு கோடா கிழிஞ்சிருக்கு. சிலிண்டரு ஒழுவுது. பதினேழாயிரம் ஆவும். மோதின அடி தனி."

கொஞ்சம் குறைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். பழக்கதோஷம். மீன் வாங்கினாலும் கீரை வாங்கினாலும் கேட்கிற அதே வாயால் கேட்டேன்.

"கொறைக்கலாங்க்கா. இதுல எத வேணாம்னு வுட்டுடட்டும், நீயே சொல்லு" என்றான், ஒவ்வொரு சாமானாகத் தரையில் வரிசையாக வைத்துக்கொண்டே. அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே என் பதிலுக்காகக் காத்திருந்தான். அவன் கடை வாசலிலிருந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தது வண்டியை நினைத்து அல்ல. உன் அப்பாவை நினைத்து.

இப்போது உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன்.

உனக்கு ஆறு வயது முடிகிற சமயம். உன் அப்பா அப்போது ஒரு பழைய பிக்கப்பை இரண்டாம் கையாக வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தார். ஹார்பர் பக்கத்து குடோன்களிலிருந்து வெங்காயமும் பருப்பும் ஏற்றுவார். சனிக்கிழமை ஒரு நாள் குடிப்பார், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சம்பாதித்ததை எண்ணிக்கூடப் பார்க்காமல் என் கையில் கொடுத்துவிடுவார். வீட்டில் பணப்பை என்னிடம்தான். ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னார்: "பின்னாடி ஷூ மாத்தணும், ஆயிரம் ரூபா எடுத்து வை." அப்போது என்னிடம் ஆயிரத்து எழுநூறு இருந்தது. அது உன் பிறந்தநாளுக்காக நான் சேர்த்தது. அந்த வருடம் உன் அத்தை தன் பிள்ளையின் பிறந்தநாளை ஹால் பிடித்துக் கொண்டாடி, எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்து, "உன் புள்ளைக்கும் இப்டி ஒண்ணு பண்ணேன், துட்டு இல்லியா?" என்று கேட்டிருந்தாள். அது எனக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. அதனால் உன் அப்பாவிடம் சொன்னேன், "பொறந்தநாள் முடியட்டும், ஒரு வாரந்தான?" என்று. அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "சரி" என்றார்.

கப்பல் மாதிரி செய்த கேக் உனக்கு ஞாபகம் இருக்கும். தெருவில் பந்தல் போட்டு, பிரியாணி போட்டு, உனக்குக் கோட்டு போட்டு நிற்க வைத்து எடுத்த படம் இன்னும் பீரோ மேலே இருக்கிறது. அந்தப் படத்தில் உன்னைத் தூக்கி வைத்திருப்பவர் உன் அப்பாதான். படம் எடுத்த நாலாம் நாள், பட்டப்பகல் பதினொரு மணிக்கு, ராயபுரத்தில், வெங்காய லோடோடு வந்த அவர் வண்டி நிற்கவில்லை. முன்னால் ஆறுமுகம் என்பவர் மூன்று சக்கர மீன்பாடி வண்டியை மிதித்துக்கொண்டு போயிருக்கிறார். அவருடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

அன்று செவ்வாய்க்கிழமை. உன் அப்பா குடிக்கவில்லை. ஸ்டேஷனில் பிரேக் பிடிக்கவில்லை என்றுதான் சொல்லியிருக்கிறார். "பிரேக் இல்லாத வண்டிய ஏன்யா எடுத்த?" என்று கேட்டபோது அவர் என் பெயரைச் சொல்லவில்லை. "என் தப்புதான்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். கேஸ் நடந்தது, லைசென்ஸை ஆறு மாதம் பிடித்து வைத்தார்கள். சனிக்கிழமை குடிக்கிறவன் செவ்வாய்க்கிழமையும் குடித்திருப்பான் என்று தெருவே முடிவுகட்டிவிட்டது. யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்காதவர்களிடம் நானாகப் போய் ஏன் சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் உன்னைக் குடிகாரன் மகன் என்று கூப்பிட்டார்கள். நீ அழுதுகொண்டு வருவாய். நான் உன் முகத்தைக் கழுவிவிட்டு, தின்ன எதாவது கொடுப்பேன். உண்மையைக் கொடுக்கவில்லை. உனக்குப் பதினைந்து வயதில் பைக் கேட்டாய், உன் அப்பா வேண்டாம் என்றார், நீ கத்தினாய்: "குடிச்சிட்டு ஒருத்தன் கால வாங்கின ஆளு எனக்கு புத்தி சொல்றியா?" அவர் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து என்னை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் மிச்சச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தார். நீ கதவை அறைந்துவிட்டுப் போனதும் நான் அழுதேன், இன்றைக்கே அவனிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"வுடு" என்றார். "என்னத்தான வெறுக்கறான், வெறுத்துட்டுப் போறான். உன்னையும் வெறுத்துட்டான்னா வூட்ல யாரு கையால துன்னுவான்?"

அவர் மனசு அவ்வளவு பெரிசு. அதை நான் எனக்கு வசதியாக எடுத்துக்கொண்டேன். அவர் தடுத்தார், அதனால் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வருடங்களை ஓட்டிவிட்டேன். ஆறு வருடத்துக்கு முன்னால் அவர் போனபோது, கொள்ளி வைக்கிற இடத்தில்கூட உன் முகம் இறுகித்தான் இருந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லாமல் வீட்டுக்கு வந்து, வந்தவர்களுக்குக் காபி கலந்தேன். சலீம் பாய் போன் பேசிக்கொண்டு ஓட்டினார் என்று நீ எழுதியதைப் படித்தபோது எனக்கு வந்த கோபத்தில் பாதி உன் மேல். மீதிப் பாதி யார் மேல் என்று உனக்கு இப்போது தெரிந்திருக்கும். ஓட்டுகிறவன் மேல் பழியைப் போட்டுவிட்டு வண்டிக்குச் சொந்தக்காரர் நல்ல பெயரோடு உட்கார்ந்திருக்கலாம் என்பதை நீ வேறெங்கும் கற்றுக்கொள்ளவில்லை. என் வீட்டில், என் கையால் தின்று வளர்ந்துதான் கற்றுக்கொண்டாய்.

டில்லி கடையிலிருந்து நேராக ஆறுமுகத்தைப் பார்க்கப் போனேன். அங்கிருந்து நாலு தெரு தள்ளிப் பெட்டிக்கடை வைத்திருக்கிறார். உன் அப்பா மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார். எங்கே போகிறார் என்று எனக்குத் தெரியும், ஒரு தடவைகூட நான் கூடப் போனதில்லை. சாவுக்கு ஆறுமுகம் கட்டையை ஊன்றிக்கொண்டு வந்தபோது நீ எழுந்து பின்பக்கம் போய்விட்டாய், ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கும் நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்போது பார்த்தேன். கடை முன்னால் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஆயிரம் ரூபாய், கேக், கோட்டு, எல்லாம். அவர் ஒருவருக்கு மிச்சச் சில்லறை கொடுத்து அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ப்ரேக் இல்லன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்மா. 'நவுரு நவுரு, ப்ரேக் புடிக்கல'ன்னு அவுரு கத்தினது என் காதுல வுழுந்துது. நவுர்றதுக்குள்ள மோதிடுச்சி. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போனதும் அவுருதான். மடியிலதான் என் தலைய வெச்சிருந்தாரு. சாராய வாடை அடிச்சிருந்தா எனக்குத் தெரியாதா? கேட்டவங்க எல்லாருக்கும் சொன்னேன். கால் போனவன் வலில ஒளர்றான்னுட்டாங்க."

சில்லறை டப்பாவை அறைந்து மூடினார். இத்தனை வருடத்துக் கோபம் இருந்திருக்க வேண்டும், அது என் மேல் வந்தது. வர வேண்டியதுதான்.

"ஷூ மாத்த நீ துட்டு குடுக்கலன்றத அவுரு என்கிட்டகூட சொல்லல. கடைசி வரைக்கும் சொல்லல. எனக்கு கால் போச்சு. அவுருக்கு புள்ள போச்சு. உனக்கு இன்னாம்மா போச்சு?"

அவர் திட்டி முடித்துவிட்டு, "வெயில்ல நிக்காத, உள்ள வந்து உக்காரு" என்றார். உட்கார்ந்தேன். உன் அப்பா உட்காருகிற ஸ்டூல் அதுதான் என்றார்.

அடுத்த நாள் வண்ணாரப்பேட்டைக்குப் போனேன். சலீம் பாயின் சம்சாரம் வாசலில் நின்றுகொண்டு என்னை உள்ளே கூப்பிடவில்லை. அந்தக் குரூப்பில் வந்ததை அந்த அம்மாவிடம் யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள். "உங்க புள்ள எழுதினதப் பாத்துட்டு ரெண்டு பேரு போன் பண்ணி, ஏன் பாய் இப்டி பண்ணீங்கன்னு கேக்கறாங்கமா. இவுரு வண்டி ஓட்டும்போது நான் கூப்ட்டாகூட எடுக்க மாட்டாரு. வந்து சேந்தப்பறம்தான் கூப்புடுவாரு. அந்த ஆளப் போயி" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டார். உள்ளேயிருந்து சலீம் பாய்தான், "அவங்கள ஏன் வாசல்ல நிக்க வெச்சிக்கினு பேசற?" என்று குரல் கொடுத்தார். கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். உனக்காகக் கேட்கவில்லை, அதை நீதான் கேட்க வேண்டும். எனக்காகக் கேட்டேன். வண்டி என் பெயரில் இருக்கிறது, அவர் போனில் சொன்னது என் காதில் விழுந்தது, நான் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். "நீங்க இன்னாம்மா பண்ணுவீங்க" என்றார். அப்படி ஒருவர் சமாதானம் சொல்லும்போது அதைப் பிடித்துக்கொண்டு தப்பித்துவிடுவது என் பழைய வழக்கம். இந்தத் தடவை பிடித்துக்கொள்ளவில்லை.

நேராக டில்லி கடைக்கு வந்தேன். அந்தக் குரூப்பில் அவனும் இருக்கிறான். அவன் போனிலிருந்து நான் பேசி அனுப்ப வேண்டும் என்றேன். "யோசிச்சிக்கோக்கா, கல்யாண நேரம். புள்ள பேரு கெட்டுடும்" என்றான். "இன்னொருத்தர் பேரு கெட்டுப்போயி ரெண்டு நாள் ஆவுது" என்றேன். போனை என் முன்னால் பிடித்தான். நான் பேசியதை நீ இதற்குள் கேட்டிருப்பாய். வண்டிக்குச் சொந்தக்காரி நான், சலீம் பாய் போன் பேசவில்லை, பிரேக் போயிருந்தது, மூன்று முறை சொன்னார், என் மகன் மாற்றவில்லை, எனக்கும் தெரியும், அவர் இல்லாவிட்டால் ஆறு பிள்ளைகள் இருந்திருக்க மாட்டார்கள். அவ்வளவுதான் பேசினேன்.

பிரேக்குக்குப் பணம் எங்கே என்று கேட்பாய். டிரோன் கேமராவை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். போட்டோக்காரர் முன்பணத்தைக்கூடத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்கு முன்னால் சரண்யாவைக் கூப்பிட்டு, இப்படி பிரேக் மாற்ற வேண்டியிருக்கிறது, பறக்கிற கேமராவை நிறுத்தினால் உனக்கு வருத்தமா என்று கேட்டேன். "மொதல்ல பிரேக்க போடுங்க அத்த. மேல இருந்து எங்க தலைய படம் புடிச்சி இன்னா ஆவப்போவுது?" என்றாள். உனக்கு அமைந்த பெண் உன்னைவிட விவரமானவள். அவளிடம் பொய் சொல்லி ஆரம்பிக்காதே. அவள் ஒரு நாள் உன்னிடம் எதாவது சரியில்லை என்று சொன்னால், அது முடியட்டும் இது முடியட்டும் என்று தள்ளாதே. கையில் பிடித்து ஓட்டுகிறவர்களுக்குத்தான் எது பிடிக்கவில்லை என்று முதலில் தெரியும். உட்கார்ந்து பணம் எண்ணுகிறவர்களுக்குத் தெரியாது. உன் அப்பா சொன்னபோது எனக்குத் தெரியவில்லை, சலீம் பாய் சொன்னபோது உனக்குத் தெரியவில்லை. இதோடு போதும் இந்தக் குடும்பத்தில்.

என்னை நீ வெறுக்கலாம். அதற்குப் பயந்துதான் ஒரு மனுஷனை மகன் இல்லாமல் சாக விட்டேன். இனிப் பயப்பட மாட்டேன். வந்து கத்து, கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் சலீம் பாய் வீட்டுக்குப் போ. பத்திரிகையை ஆள் மூலம் அனுப்பாதே, நீயே கொண்டுபோய் வை. அவர் சம்சாரம் உள்ளே கூப்பிடாவிட்டால் வாசலிலேயே நின்று சொல்.

இன்று காலை சலீம் பாய் போன் செய்தார். நான் பேசியதைக் கேட்டுவிட்டு மீஞ்சூரில் ஒரு வியாபாரி, எலும்பு கூடியதும் தன் வண்டிக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாராம். குரலில் பழைய தெம்பு கொஞ்சம் திரும்பியிருந்தது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இருந்தாலும் வாய் கேட்காமல், நம் வண்டிக்கே வரக் கூடாதா பாய் என்று கேட்டேன். "உங்க மேல எனக்கு கோவம் இல்லம்மா. அந்த வண்டில ஏற மனசு வரல" என்றார். நான் வற்புறுத்தவில்லை.

வேறு டிரைவர் தேட வேண்டாம் என்று டில்லியிடம் சொல்லிவிட்டேன். வண்டி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தயாராகிவிடும். திங்கட்கிழமை காலை காசிமேட்டில் ஐஸ் ஏற்ற வேண்டும், மீஞ்சூருக்கு லோடு. எர்ணாவூர் பாலம் இறங்கும்போது பள்ளிக்கூட ஆட்டோக்கள் போகிற நேரமாகத்தான் இருக்கும். ஓட்டப்போவது நீ. பக்கத்து சீட்டில் நான் உட்கார்ந்து வருவேன்.

அம்மா